சின்ன டாக்டருக்கு எழுபத்தொன்று

சின்ன டாக்டருக்கு ஐம்பத்தேழு வயது. தலை வெளுத்து, கண்ணாடி தடித்து, மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று சுவரில் மாட்டிய படத்தை ரசிப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார். ஆனாலும் எல்லோருக்கும் அவர் சின்ன டாக்டர்தான். அடுத்த அறையில் பெரிய டாக்டர் உட்கார்ந்திருக்கும்வரை அவர் சின்னவராக இருந்துதானே ஆகவேண்டும்? பெரிய டாக்டர் அவருடைய அக்கா. வயது அறுபத்து மூன்று.

கிளினிக்கை ஆரம்பித்தவர் அக்கா. இருபத்தாறு வருஷத்துக்கு முன் தம்பி வந்து சேர்ந்தார். சேர்ந்த அன்றே அக்கா நேரத்தைப் பிரித்துவிட்டார். "காலையில ரெண்டு பேரும் பாப்போம். சாயங்காலம் நீ பாத்துக்கோ. சின்னப் பையன், வீட்டுல போய் என்ன பண்ணப்போறே?"

அன்று சின்னப் பையனுக்கு முப்பத்தொரு வயது. அந்த ஏற்பாட்டில் அதன்பின் யாரும் கைவைக்கவில்லை. ஐந்து மணி அடித்ததும் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார். தம்பி பத்து மணிவரை இருமலையும் வயிற்றுவலியையும் மருமகள்மேல் உள்ள புகாரையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

வினை ஒரு கடிதத்தில் வந்தது. டாக்டர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தங்கள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க, பயிற்சி வகுப்புகளுக்குப் போய் அறுபது புள்ளி சேர்த்திருக்க வேண்டும். சின்ன டாக்டரிடம் நாற்பத்தெட்டுதான் இருந்தது. பன்னிரண்டு குறைகிறது, அடுத்த திங்கட்கிழமைக்குள் சேர்க்காவிட்டால் ஒரு தலைவலி மாத்திரைகூட எழுதித்தர முடியாது என்று பதிவு அலுவலகம் எழுதியிருந்தது. அக்காவிடம் நூற்றுப்பத்துப் புள்ளி இருந்தது. எல்லா மாநாட்டுக்கும் அவர்தான் போவார். கிளினிக்கை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே!

திங்கட்கிழமைக்குள் நடக்கிற ஒரே வகுப்பு, "வயது மேலாண்மை மருத்துவம்: மருத்துவர்களுக்கான தொடர்கல்வி". வெள்ளி, சனி, ஞாயிறு. சரியாகப் பன்னிரண்டு புள்ளி.

"நானும் வர்றேன்," என்றார் அக்கா.

"உனக்குத்தான் புள்ளி மிச்சம் இருக்கே."

"உன்னைத் தனியா அனுப்பினா கடைசி வரிசையில உக்காந்து தூங்குவே."

தம்பி மறுத்துப் பேசவில்லை. தூங்கலாம் என்றுதான் அவரும் நினைத்திருந்தார்.

வகுப்பு ஒரு ஹோட்டலின் தரைத்தள மண்டபத்தில் நடந்தது. கால் புதையும் கம்பளம், ஜன்னலே இல்லாத சுவர், நடுங்கவைக்கும் குளிர். வாசலில் இருநூறு டாக்டர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். வரிசையின் முனையில் ஒருங்கிணைப்பாளர் நின்றிருந்தார். காதில் ஒரு கருவியும் கையில் தடித்த விதிப்புத்தகமும் வைத்திருந்த ஓர் இளம்பெண். அவர் பக்கத்தில் ஓர் இயந்திரம். பார்க்கச் சலவை இயந்திரம் மாதிரி இருந்தது.

"முதல்ல உங்க உடம்போட வயசைக் கண்டுபிடிக்கணும் டாக்டர்," என்றார் ஒருங்கிணைப்பாளர். "பிறந்த தேதி எங்களுக்கு வேண்டாம். அது பேப்பர்ல இருக்குற வயசு."

விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். ஒரு பிடியை இறுக்கச் சொன்னார்கள். குழாயில் ஊதச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கவேண்டும் என்றார்கள்; சின்ன டாக்டர் நாலாவது நொடியில் முன்னால் நின்றவரின் தோளில் சாய்ந்தார். பத்துச் சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். அவர் நாலு சொன்னார். அதில் ஒன்று பட்டியலிலேயே இல்லாத சொல்.

இயந்திரம் உறுமி, இரண்டு அடையாள அட்டைகளைத் துப்பியது. அக்காவின் அட்டையில் பெயர் சிறிதாகவும் அதன்கீழ் பெரிதாக 38 என்றும் இருந்தது. தம்பியின் அட்டையில் 71.

அக்கா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "மெஷின் கெட்டுப்போச்சு."

"காலையிலதான் சரிபார்த்தோம் டாக்டர். நீங்க இந்தப் பக்கம் வாங்க," என்று ஒருங்கிணைப்பாளர் அக்காவுக்கு வெள்ளைக் கோட்டு ஒன்றைத் தந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, கையை நீட்டி, "ஐயா, நீங்க பாத்து மெதுவா வாங்க. படி இருக்கு," என்றார்.

சின்ன டாக்டருக்குக் கிடைத்தது கோட்டு அல்ல. முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுகிற வெளிர்நீல அங்கி. ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் தருவது.

விஷயம் இதுதான். அட்டையில் அறுபதுக்குக் கீழே இருப்பவர்கள் சிகிச்சையாளர்கள். மேலே இருப்பவர்கள் பெறுநர்கள். மூன்று நாளும் சிகிச்சையாளர்கள் பெறுநர்களிடம் பழகிக் கற்றுக்கொள்ள வேண்டும். விதிப்புத்தகத்தின் நாலாவது பக்கத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. சின்ன டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். "புள்ளிகள் சிகிச்சை அளிப்பவருக்கே உரியவை. பெறுபவருக்கு உடல்நலமே பயன்."

"அம்மா, எனக்குப் பன்னெண்டு புள்ளி வேணும்," என்றார் அவர். "திங்கக்கிழமைக்குள்ள."

"கண்டிப்பா கிடைக்கும் ஐயா. ஞாயித்துக்கிழமைக்குள்ள உங்க வயசை அறுபதுக்குக் கீழே இறக்கிடுங்க. தினமும் மறுபரிசோதனை இருக்கு."

"பன்னெண்டு வருஷத்தை மூணு நாள்ல எப்படிம்மா இறக்குறது?"

"அதைத்தான் இங்க சொல்லித்தரப்போறோம்," என்று ஒருங்கிணைப்பாளர் மலர்ந்த முகத்தோடு சொன்னார்.

பயிற்சி இயக்குநர் மேடைக்கு ஓடி வந்தார். நிஜமாகவே ஓடித்தான் வந்தார். பேப்பர் வயது அறுபத்திரண்டு, அட்டையில் 27. "வயசுங்கறது ஒரு கெட்ட பழக்கம்!" என்று முழங்கினார். "நாமதான் அதை விடணும். என் பையனுக்கு முப்பத்துநாலு. இப்போ அவன் எனக்கு ஏழு வருஷம் மூத்தவன். வீட்டுல முக்கியமான முடிவெல்லாம் அவன்தான் எடுக்குறான். நான் கேட்டு நடந்துக்கறேன்." மண்டபம் கைதட்டியது. அந்தப் பையனின் நிலைமையை நினைத்துச் சின்ன டாக்டருக்குப் பாவமாக இருந்தது.

மதியச் சாப்பாடும் அட்டையைப் பார்த்துத்தான். முப்பத்தெட்டு வயது அக்காவுக்கு முட்டை, மீன், ரொட்டி, பழம். எழுபத்தொரு வயதுத் தம்பிக்கு மசித்த காய்கறி சூப்பும் ஆறு பாதாமும், பாதாம் தோலுரித்து நறுக்கியது. அக்கா தன் தட்டிலிருந்து ஒரு மீன் துண்டை நகர்த்தப் பார்த்தார். பரிமாறுகிறவர் பாய்ந்து வந்தார். "மேடம், பெரியவருக்கு முள் மாட்டிக்கும்!"

"யாருடா பெரியவர்? இவன் என் தம்பி!"

பரிமாறுகிறவர் அக்காவின் அட்டையைப் பார்த்தார், தம்பியின் அட்டையைப் பார்த்தார், சூப்பில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார்.

நீல அங்கிக்காரர்களில் ஓர் எலும்பு டாக்டர் இருந்தார். பருத்த உடம்பு, அட்டையில் 66. அவருக்கும் புள்ளி அவசரம். இரண்டு பேரும் உடனே கூட்டுச் சேர்ந்தார்கள். இடைவேளையில் ஹோட்டலின் பின்படிக்கட்டில் ஆறு மாடி ஏறி இறங்கினார்கள். தண்ணீரைக் குடம்குடமாகக் குடித்தார்கள். கழிவறை வராந்தாவில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்கள். அங்கியின் பின்முடிச்சு அவிழ்ந்துகொண்டே இருந்தது. துடைப்பத்தோடு வந்த துப்புரவுப் பெண் இவர்களைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் பார்க்க விரும்பாமல் திரும்பிப் போனாள்.

"நாம டாக்டருங்க, நமக்குத் தெரியாததா?" என்றார் எலும்பு டாக்டர், மூச்சிரைக்க. "கொஞ்சம் பயிற்சி, கொஞ்சம் பட்டினி. சரசரன்னு இறங்கும்."

சாயங்கால மறுபரிசோதனையில் எலும்பு டாக்டருக்கு 63 வந்தது. சின்ன டாக்டருக்கு 76.

மறுநாள் சனிக்கிழமை, நோயாளி விசாரணை. ஒவ்வொரு சிகிச்சையாளருக்கும் ஒரு பெறுநரைக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தார்கள். அக்காவுக்கு வேறு யாரோ வந்தார்கள். அக்கா எழுந்துபோய் ஒருங்கிணைப்பாளரிடம் இரண்டு நிமிஷம் பேசினார். திரும்பி வரும்போது கையில் தம்பியின் சீட்டு இருந்தது. அக்கா பேசினால் அப்படித்தான்.

துணித் தடுப்புக்குள் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. படிவத்தில் நூற்றுப்பன்னிரண்டு கேள்விகள். ஒன்றைக்கூட விடக்கூடாது. பெறுநரைப் "பெரியவரே" என்று அழைப்பது நலம் என்று மேலே அச்சடித்திருந்தது. அக்கா அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"தூக்கம் எத்தனை மணி நேரம்?"

"ஆறு."

"டேய்."

"நாலரை."

"ஏன்?"

"கிளினிக் முடியப் பத்து, பத்தரை ஆகுது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, படுத்தா தூக்கம் வர்றதில்ல. அந்தக் கடைசி ஆளுக்கு மாத்திரை சரியா எழுதினோமா, அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியிருக்குமான்னு ஓடிட்டே இருக்கும்."

அக்கா எழுதிக்கொண்டார். "இதெல்லாம் நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"நீ கேட்டதே இல்லையே. இப்பவும் படிவத்துல இருக்குறதாலதானே கேக்குறே?"

அக்கா நிமிரவில்லை. அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி என்று போய்க்கொண்டிருந்தார். கடைசியாக எப்போது வயிறு குலுங்கச் சிரித்தீர்கள்? தம்பி வெகுநேரம் யோசித்து, நேற்று எலும்பு டாக்டர் ஒற்றைக் காலில் நின்றபோது என்றார். அதற்கு முன்? தெரியவில்லை. கடைசியாக யார்மேல் கோபப்பட்டீர்கள்?

"உன்மேலதான்."

"எப்போ?"

"இருபத்தாறு வருஷமா படணும்னு இருக்கேன் அக்கா. இன்னும் ஆரம்பிக்கல. நேரம் கிடைக்கல."

பக்கத்துத் தடுப்பில் யாரோ யாருக்கோ நாக்கை நீட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா பேனாவின் மூடியைத் திறந்து மூடித் திறந்தார்.

"எண்பத்தேழாவது கேள்வி. வேலையை விட்டா என்ன செய்ய ஆசை?"

"ஒண்ணும் செய்யாம இருக்கணும். அஞ்சு மணிக்கு வீட்டு வாசல்ல நாற்காலி போட்டு உக்காரணும். வெளிச்சம் போறதைப் பாக்கணும். ஒரு சாயங்காலம் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நீ சாயங்காலம் என்ன பண்ணுவே?" என்று கேட்டார் தம்பி. இத்தனை வருஷத்தில் அதை அவரும் கேட்டதில்லை.

"நீச்சலுக்குப் போவேன்."

"தினமுமா?"

"தினமும். அஞ்சரைலேருந்து ஏழு. அப்புறம் கொஞ்ச நேரம் நடை. ஒம்போது மணிக்குப் படுத்துடுவேன்."

அக்கா சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் மார்பில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்கள். 38. கணக்கு வாத்தியார் வேண்டாம் இந்தக் கணக்குக்கு.

படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. "பெறுநரின் வயது கூடியிருப்பதற்கான முதன்மைக் காரணி." அக்கா அதில் ஒரே ஒரு சொல் எழுதி, மடித்து, கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டார்.

மத்தியானம் இயக்குநர் படிவங்களை மேடையில் வாசித்து விளக்கம் சொன்னார். சர்க்கரை, புகை, உட்கார்ந்தே இருத்தல் என்று வந்துகொண்டிருந்தது. ஒரு தாளில் நின்றார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

"காரணி: அக்கா," என்று வாசித்தார். "இது என்ன, புது மூலப்பொருளா? சுருக்கெழுத்தா? எழுதினது யாரு?"

அக்கா எழுந்து நின்றார். "நான்தான். சுருக்கெழுத்து இல்ல. அக்காதான்."

மண்டபத்தில் சில பேர் குறித்துக்கொண்டார்கள். இயக்குநர் மகிழ்ந்துபோனார். "அருமை! காரணி தெரிஞ்சா சிகிச்சை சுலபம். நெறிமுறை எண் ஒன்று: காரணியை நீக்கு. பெறுநரோட அக்கா இப்போ எங்க இருக்காங்க?"

"இங்கதான் நிக்கிறேன்."

ஒருங்கிணைப்பாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். காரணியும் பெறுநரும் அருகருகே இருக்கக்கூடாது. ஆக, அக்காவை எதிர்ச்சுவர் ஓரம் கொண்டுபோய், முப்பதுகளில் இருந்தவர்களோடு உட்காரவைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் முப்பத்தொன்பது வயதுக் குழந்தைகள் டாக்டர் ஒருத்தி, "புதுசா படிச்சு முடிச்சீங்களா?" என்று அன்பாகக் கேட்டு, ரத்த அழுத்தக் கருவிகள் அடுக்கிய தட்டைக் கையில் கொடுத்துத் தூக்கச் சொன்னாள். முப்பது வருஷமாக ஒரு தட்டையும் தூக்காத பெரிய டாக்டர் அதைச் சாயங்காலம்வரை தூக்கிக்கொண்டு நின்றார். தூக்கியபடியே தம்பி இருந்த பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனி சாயங்காலம் எலும்பு டாக்டர் 58-க்கு இறங்கிவிட்டார். அந்த நிமிஷமே அங்கியைக் கழற்றி வெள்ளைக் கோட்டு மாட்டினார். நேரே சின்ன டாக்டரிடம் வந்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"பெரியவரே, சாப்பாடெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா?"

"யோவ், காலையிலதான்யா ரெண்டு பேரும் சேர்ந்து படியேறினோம்!"

"எல்லா பெரியவங்களும் இப்படித்தான் கோபப்படுவாங்க," என்று எலும்பு டாக்டர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்.

அன்று சின்ன டாக்டருக்கு இயந்திரம் 79 காட்டியது. விடுவாரா? அக்காவுக்குத் தெரியாமல் ஞாயிறு விடியற்காலையில் தனியாகப் பன்னிரண்டு மாடி ஏறினார். குளிர்ந்த நீரில் குளித்தார். காலைச் சிற்றுண்டியைத் தொடவில்லை. பத்துச் சொற்களை எப்படியாவது நினைவில் வைத்தே தீருவது என்று முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் நின்றார். இயந்திரம் வழக்கத்தைவிட அதிக நேரம் உறுமியது. அட்டை வெளியே வந்தது. 83.

ஒருங்கிணைப்பாளரின் சிரிப்பு முதல்முறையாக மறைந்தது. "ஐயா, இது… ரெண்டே நாள்ல பன்னெண்டு வருஷம் ஏறியிருக்கு. இந்த வகுப்புல இதுவரைக்கும் யாருக்கும் ஏறினதில்ல."

"எனக்குப் புள்ளி?"

அவர் புத்தகத்தைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். காதுக் கருவியில் யாரிடமோ கேட்டார். பிறகு மெல்ல நிமிர்ந்து, மிகுந்த மரியாதையுடன் பேசினார். எண்பது தாண்டிய ஒருவர் பயிற்சிக்கு வருவார் என்று விதி எழுதியவர்கள் நினைக்கவே இல்லை. எண்பது தாண்டியவர் மண்டபத்தில் இருந்தால் அவர் பேச்சாளராகத்தான் இருக்கமுடியும் என்று எழுதிவிட்டார்கள். பேச்சாளருக்குப் புள்ளி இருமடங்கு. இருபத்துநாலு.

"பதினோரு மணிக்கு உங்க உரை ஐயா. முக்கால் மணி நேரம். தலைப்பு, 'எண்பத்து மூன்று வயதில் நான் கற்றவை'."

சின்ன டாக்டர் வாழ்க்கையில் மேடையேறியதில்லை. குடும்பத்தில் பேசுகிறவர் அக்கா. கல்யாண வீட்டில்கூட அவர் சார்பில் அக்காதான் நன்றி சொன்னார். பதினோரு மணிக்கு அவரைக் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டிப்போய், மெத்தை வைத்த பெரிய நாற்காலியில் உட்காரவைத்து, ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வளைத்துவிட்டார்கள். எதிரே இருநூறு பேர். எதிர்ச்சுவர் ஓரத்தில், தட்டோடு, அக்கா.

"எனக்கு ஐம்பத்தேழு வயசு," என்று ஆரம்பித்தார். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. மனத்தால் இளமை என்று இயக்குநர் விளக்கினார்.

"எங்கிட்ட ஒருத்தர் தினமும் சாயங்காலம் பிரஷர் பாக்க வருவார். பதினாலு வருஷமா வர்றார். அவருக்குப் பிரஷர் இல்ல. ஒரு நாளும் இருந்ததில்ல. ஒரு தடவை கேட்டேன், ஏன் வர்றீங்கன்னு. 'நீங்க கையைப் பிடிச்சு, எப்படி இருக்கீங்கன்னு கேக்குறீங்க டாக்டர்'னு சொன்னார். அவரை எப்படி வராதீங்கன்னு சொல்றது? அந்த மாதிரி தினமும் முப்பது நாப்பது பேர். எல்லாரையும் கேப்பேன். என்னை யாரும்…" இங்கே அவருக்கு நாக்கு குழறியது. மெத்தை மென்மையாக இருந்தது. மூன்று நாள் படியேறிய கால்கள் தளர்ந்தன. "ஒரு ரெண்டு நிமிஷம். மன்னிக்கணும். இதோ சொல்றேன்," என்றவர் கண்ணை மூடினார்.

மூடியவர் மூடியவர்தான். தலை ஒருபக்கம் சாய்ந்தது. ஒலிவாங்கி வாய்க்கு நேரே இருந்ததால் முதல் குறட்டை மண்டபத்தின் நாலு மூலையிலும் கேட்டது.

ஒருங்கிணைப்பாளர் பதறி எழுந்தார். இயக்குநர் கையைக் காட்டித் தடுத்தார். அவர் கண்கள் பளபளத்தன. "யாரும் சத்தம் போடாதீங்க," என்று கிசுகிசுத்தார். "செய்முறை விளக்கம் நடக்குது."

விளக்குகளைத் தணித்தார்கள். இருநூறு டாக்டர்களும் குறிப்பேட்டைத் திறந்தார்கள். குறட்டையின் இடைவெளியைச் சிலர் கடிகாரம் வைத்து எண்ணினார்கள். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒருவர் படம் வரைந்தார். முப்பதாவது நிமிஷத்தில் முன்வரிசையில் ஐந்தாறு பேர் பயிற்சியைத் தாங்களும் பின்பற்றத் தொடங்கியிருந்தார்கள். எலும்பு டாக்டர் அதில் முதல் ஆள்.

சரியாக நாற்பது நிமிஷம் கழித்துச் சின்ன டாக்டர் விழித்தார். எதிரே இருட்டில் இத்தனை முகங்களைப் பார்த்து, கிளினிக்கில்தான் இருக்கிறோம் என்று நினைத்து, "அடுத்து யாரு?" என்றார்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசைக்காரர்கள் திடுக்கிட்டு விழித்து, அவர்களும் தட்டினார்கள்.

"பாருங்க, முகத்தைப் பாருங்க!" இயக்குநர் துள்ளினார். "பத்துப் பதினைஞ்சு வருஷம் குறைஞ்சிருக்கும்! மெஷினைக் கொண்டு வாங்க, இப்பவே அளந்துடலாம்!"

இரண்டு பேர் இயந்திரத்தை மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஊசியோடு சின்ன டாக்டரின் விரலைப் பிடித்தார். அப்போது எதிர்ச்சுவர் பக்கம் தடாலென்று ஒரு தட்டு விழுந்தது. பெரிய டாக்டர் நாற்காலி வரிசைகளுக்கு நடுவே ஓடி வந்தார். முப்பத்தெட்டு வயது என்று இயந்திரம் சும்மா சொல்லவில்லை. மேடையில் ஒரே தாவாகத் தாவி, தம்பியின் கையைப் பிடுங்கித் தன் கோட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"ஒரு சொட்டு ரத்தம் எடுத்தீங்க, நடக்குறதே வேற!"

"என்ன மேடம், அறிவியலுக்காக…"

"அளந்து எண்பதுக்குக் கீழே வந்துட்டா இவன் பேச்சாளர் இல்ல. பேச்சாளர் இல்லேன்னா புள்ளி இல்ல. முதல்ல சான்றிதழ்ல கையெழுத்துப் போடுங்க. அதுவரைக்கும் என் தம்பிக்கு எண்பத்து மூணு!"

ஒருங்கிணைப்பாளர் புத்தகத்தைப் பார்த்தார். காரணி பெறுநரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது பெரிய விதிமீறல். ஆனால் அவர் பெறுநர் அல்ல, பேச்சாளர். பேச்சாளரின் கையை யார் பிடிக்கலாம் என்பதற்கு விதி எதுவும் இல்லை. அவர் போய்ச் சான்றிதழை எடுத்துவந்தார். இயக்குநர் கையெழுத்திட்டார். மை காயும்வரை அக்கா விரலை விடவில்லை.

அளந்தபோது 66 வந்தது. இயக்குநர் மேடையிலேயே ஒரு குட்டிக்கரணம் போட்டார்.

திரும்பி வரும்போது அக்காதான் காரை ஓட்டினார். ஒரு சிக்னலில் நின்றபோது சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே சொன்னார்.

"நாளையிலேருந்து சாயங்காலம் நான் பாக்குறேன். நீ வீட்டுக்குப் போ."

"உன் நீச்சல்?"

"குளத்துல காலையிலயும் தண்ணிதான் இருக்கும்." பச்சை விழுந்தது. "கோபப்படணும்னு சொன்னியே. படுறதுன்னா இப்பவே பட்டுடு. வீடு வர்றதுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

சின்ன டாக்டர் யோசித்துப் பார்த்தார். "பசிக்குது அக்கா. மூணு நாளா சூப்பு," என்றார்.

திங்கட்கிழமை பதிவு புதுப்பிக்கப்பட்டது. ஐந்து மணிக்கு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் மனைவி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கணவரைப் பார்த்ததும் பேனாவை நழுவவிட்டார். "என்னங்க? உடம்புக்கு என்ன? யாருக்கு என்ன ஆச்சு?" ஒன்றுமில்லை என்று புரியவைக்கக் கால் மணி நேரம் பிடித்தது. நம்பாமல் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விடைத்தாளுக்குத் திரும்பினார். சின்ன டாக்டர் பனியனோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெளிச்சம் போவதைப் பார்த்தார். முதல் பத்து நிமிஷம் நன்றாக இருந்தது. அப்புறம் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

புதன்கிழமைதான் அது நடந்தது. கிளினிக்கில் சாயங்கால நோயாளிகள் மூன்றாவது நாளாகச் சின்ன டாக்டரைக் காணாமல் தவித்தார்கள். பிரஷர் இல்லாத அந்த மனிதர் பெரிய டாக்டரிடமே துணிந்து கேட்டார். "சின்ன டாக்டர் எங்கம்மா?"

அக்கா ஒரு குழந்தையின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "அவர் போயிட்டார்," என்றார்.

வீட்டுக்குப் போய்விட்டார் என்ற பொருளில்தான் சொன்னார். சொன்ன குரல் என்னவோ வழக்கம்போல இறுக்கமாக இருந்தது. வெளியே காத்திருந்தவர்களின் பெஞ்சில் அந்தச் சொல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவதற்குள் சின்ன டாக்டர் உயிரோடு இல்லை.

ஆறு மணிக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது தெருமுனையில் பதினோரு பேர் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் பிரஷர் இல்லாத மனிதர், கையில் ஒரு பூங்கொத்து. தலை குனிந்தபடி வந்தவர்கள் வாசலுக்கு வந்து நிமிர்ந்தார்கள். பனியனோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள்.

"வாங்க," என்று எழுந்தார் சின்ன டாக்டர். "என்ன, எல்லாரும் சேர்ந்து? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"உங்களுக்குத்தான்னு நினைச்சோம் டாக்டர்," என்றார் ஓர் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அதாவது… சரியில்லாம போய், அப்புறம்…"

பிரஷர் இல்லாத மனிதர் பூங்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். முடியவில்லை. கடைசியில் அதை நாற்காலியின் மேல் வைத்துவிட்டு, சின்ன டாக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எப்படி இருக்கீங்க டாக்டர்?"

சின்ன டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்து, கையை விடுவித்துக்கொள்ளாமலே உள்ளே பார்த்து மனைவிக்குக் குரல் கொடுத்தார். "பதினோரு டீ போடணும். சேர்ந்து போட்டுடலாம், இதோ வர்றேன்."

உட்கார இடம் போதவில்லை. சிலர் படியில் உட்கார்ந்தார்கள். ஒருவர் தன் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் விலாவில் இடித்தார். அவர் நிறுத்திக்கொண்டு, காற்று நன்றாக வருகிறது என்றார். ஆமாம், நன்றாக வருகிறது என்றார்கள் எல்லோரும்.

போன் அடித்தது. அக்கா.

"டேய், இங்க என்னன்னே தெரியல. ஒரு ஈ காக்கா இல்ல. பெஞ்சு காலியா கிடக்கு. எல்லாரும் எங்கதான் போனாங்க?"

"இங்க இருக்காங்க அக்கா."

"அங்க எதுக்கு?"

"என் சாவுக்கு வந்திருக்காங்க."

மறுமுனையில் ஒரு விளக்கை அணைக்கிற ஓசையும் மேஜை இழுப்பறையை மூடுகிற ஓசையும் கேட்டன.

"எனக்கும் ஒரு டீ வை," என்றார் பெரிய டாக்டர். "நானும் வர்றேன்."